பால்மாப் பேணிக்குள் ஒரு கோன் நூல்

காலை பத்து நாற்பதுக்கு மகனின் அழைப்பு வந்தது. அந்த நேரத்தைப் பிறகு கைபேசியில் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். அதனால் நிமிடம்கூடப் பிசகாமல் தெரியும். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. வீட்டில் இருந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“அம்மா, எஞ்சின் நிண்டிட்டுது. பயப்பிடாதேங்கோ. பாயைக் கட்டிக்கொண்டு வாறம். அப்பாட்டைச் சொல்லுங்கோ.”

அவன் குரலுக்குப் பின்னால் சோளகக் காற்று இரைந்தது. “எந்தப் பாய்?” என்று கேட்டேன். மடத்தனமான கேள்வி. எங்கள் வள்ளத்தில் இருப்பது ஒரே ஒரு பாய். அதைத் தைத்த இடத்தில் நானும் இருந்தவள். பதில் வருமுன் தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை தரம் எடுத்தும் போகவில்லை.

இடுப்பு நோவால் கடலை விட்ட என் கணவர் முற்றத்தில் நைலோன் கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். எழுந்து காற்றைப் பார்த்தார். “பாய் இருக்குத்தானே, வந்திடுவான்” என்றார். ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்த வேகம் இடுப்பு நோவுக்காரரின் வேகம் அல்ல. நானும் பின்னால் ஓடினேன். அந்தப் பாயைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

நான் எழுத வந்தது பாயைத் தைத்தவரைப் பற்றி. அன்றைய நாளை ஒரே மூச்சில் சொல்ல என்னால் ஆகாது. ஆகவே அவரிடமும் கரையிடமுமாக மாறி மாறித்தான் என்னால் போக முடியும்.

எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் எல்லோருக்கும் அவர் மெசினக்கா. வீட்டில் ஒரு பழைய கறுப்புத் தையல் மெசின் இருந்தது, காலால் மிதிப்பது. பள்ளிச் சட்டை, கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, தலையணை உறை, இவைதான் அவர் தொழில். மண்ணெண்ணெய்க்குப் பேணிகளோடு வரிசையில் நின்ற அந்த வருடத்தில்தான் அவர் பாய் தைக்கத் தொடங்கினார். எண்ணெய் இல்லாமல் எஞ்சின்கள் எல்லாம் கரையில் கிடந்தன. பாய் கட்டிப் போகலாம் என்றால் பாய்க்கு எங்கே போவது? இடம்பெயர்ந்த காலத்துக் கூடாரத் துணி பல வீடுகளில் மடித்தபடி இருந்தது. அது கிடைத்தது. அதைத் தைக்கத் தாங்கும் நூல் கடைகளில் இல்லை. அவருடைய தங்கையின் மகள் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவள். பை தைக்கிற தடித்த நூலில் நாலு கோன் அனுப்பிவைத்தாள்.

கோன் என்றால் உரித்த தேங்காய் அளவு. மெசினின் தலையில் நூல்கட்டை குத்துவதற்கு இருப்பதோ சுண்டுவிரல் நீளக் கம்பி ஒன்று. முதல் நாள் அதில்தான் கோனைக் குத்திப் பார்த்தார். மெசின் ஓட ஓடக் கோன் குடிவெறிகாரனைப் போல ஆடியது. நூல் வழுக்கி அடியில் போய்ச் சுற்றிக்கொண்டு அறுந்தது. மூன்று முறை அறுந்தது.

வாகனம் ஓடாததால் பள்ளிக்கூடமும் இல்லாத நாட்கள் அவை. எங்கள் வள்ளத்துக்கான துணியைப் பிடித்துக்கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். படித்தவள் என்ற நினைப்பில் ஒரு யோசனை சொன்னேன்.

“அக்கா, உந்த நூலைச் சின்னக் கட்டையளிலை சுத்தி எடுத்தால் என்ன? மெசினுக்கு அளவாய் இருக்குமெல்லே.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “டீச்சர், பெரிசைக் கொண்டந்து சின்னதாக்கிறதெண்டால் பேந்து என்னத்துக்குப் பெரிசைக் கொண்டந்தனான்?”

எனக்காக ஒரு கட்டையில் சுற்றியும் காட்டினார். தடித்த நூல் இறுகச் சுற்றினால் முறுக்கேறி, கழலும்போது சுருள் சுருளாக வந்து ஊசிக்கு மேல் முடிச்சு விழுந்தது. “பாத்தியளோ, அதுக்கும் விருப்பமில்லை” என்றார்.

அடுத்த நாள் நான் போனபோது கோன் மெசினில் இல்லை. மெசினுக்குப் பின்னால் நிலத்தில், ஒரு பெரிய பால்மாத் தகரப் பேணிக்குள் நின்றது. ஆடாமல் இருக்க வலையில் கட்டுகிற மிதப்புக்கட்டை ஒன்றை அடியில் வைத்து, அதன் மேல் கோனை இறுக்கி நிறுத்தியிருந்தார். மெசின் மேசையின் காலில் சைக்கிள் ரியூப் ரப்பரால் ஒரு குடைக்கம்பி கட்டியிருந்தது. அதன் நுனியை வளைத்து ஒரு கண் செய்திருந்தார். கோனிலிருந்து நூல் நேரே மேலே ஏறி, அந்தக் கண்ணுக்குள் புகுந்து, பிறகுதான் மெசினுக்கு இறங்கியது. கம்பி நூலை அறுக்காமல் இருக்கக் கோயில் மெழுகுதிரித் துண்டால் தேய்த்திருந்தார்.

நான் போனபோது அவர் நிலத்தில் மல்லாந்து படுத்திருந்தார். விழுந்துவிட்டாரோ என்று பயந்துபோனேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தென்னையில் குலை பார்ப்பவரைப் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கண் கோனின்ரை உச்சிக்கு நேரை நிக்கவேணும், டீச்சர். அரை விரல் சரிஞ்சாலும் ஓரத்திலை உரஞ்சும். கொஞ்சம் இஞ்சாலை தள்ளுங்கோ. காணும். போதும் எண்டிறன்!”

எல்லாம் சரி, காற்று மட்டும் விடவில்லை. வீட்டு வாசல் கடலைப் பார்த்தது. சோளகம் அடித்தால் பேணிக்கும் கம்பிக்கும் இடையில் நூல் பிள்ளைகள் துள்ளுகிற கயிறு போல வளைந்தது. கதவைச் சாத்தினால் வெக்கை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பப்பாசி இலைக் காம்பு ஒன்றைக் காயவைத்து, அந்தக் குழலுக்குள்ளால் நூலைக் கோத்து எடுத்தார். காற்று குழலில்தான் பட்டது, நூலில் படவில்லை. காம்பு வெடித்தால் புதுசு. முற்றத்தில் நின்ற பப்பாசி அந்த வருடம் இலை இல்லாமலே காய்த்தது.

பாய்க்கு அவசரப்பட்டு என் கணவர் ஒவ்வொரு நாளும் வந்து எட்டிப் பார்ப்பார்.

“என்ன மெசினக்கா, மெசினுக்குப் பின்னாலை ட்ரெயிலர் பூட்டியிருக்கிறியள்?”

“ஓம் தம்பி. ஏறி இரு, கொண்டுபோய் விடுறன்.”

“மேலை தேங்காய் அளவு நூல், கீழை பொபினிலை புளியங்கொட்டை அளவு நூல். அது நடுவிலை முடிஞ்சால் என்ன செய்வியள்?”

“நீ நடுக்கடலிலை எண்ணெய் முடியுமெண்டு தெரிஞ்சுகொண்டு போவியோ?” என்று மெசினக்கா திருப்பிக் கேட்டார். ஊசிக்கு அடியில் பூட்டுகிற ஒரு பொபின் நூல், துண்டும் துண்டும் சேரும் ஒரு பொருத்தின் இரண்டு வரிகளுக்கும் போதும், கொஞ்சம் மிஞ்சும் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். மிச்சத்தில் அடுத்த பொருத்தைத் தொடங்கவே மாட்டார். கழற்றி வைத்துவிடுவார். அந்த மிச்சங்களில் ஊர்ப் பிள்ளைகளின் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் தைபட்டன. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் ஒரு பிள்ளையின் பொத்தானும் கழலவில்லை.

இந்த வீட்டு மெசினில் பாய் தைக்கலாமா என்று அரிப்பு என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் சந்தேகப்பட்டார். “தொழிற்சாலை மெசின் எண்டாலும் ஊசி ஒண்டுதானே ஐயா” என்று சொல்லிவிட்டு மெசினக்கா மிதிக்கத் தொடங்கினார். அந்த வருடம் எங்கள் கரையின் பாதி வள்ளங்கள் அவருடைய பாயில் போய் வந்தன. விடியலில் அவை ஒன்றாகப் புறப்படும்போது அவர் பார்க்க வரமாட்டார். “போறதைப் பாத்து என்ன, வாறதைப் பாக்கவேணும்” என்பார். மாலையில் வருவார். வந்து இறங்குகிற பாய்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

தடவிப் பார்ப்பது அவருடைய வியாதி. எந்தத் தையலையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரல்களைத் தையலின் மேல் ஓடவிடுவார். பாய்க் காலத்துக்கு முன்பு, மகனின் முதல் நன்மைக்கு நான் பட்டினத்துக் கடையில் வெள்ளைச் சேட் வாங்கினேன். அவரிடம் தைக்கக் கொடுக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சியோடு கோயிலில் அவருக்கு முன்வரிசையில் நின்றேன். பரலோக மந்திரம் பாதியில் இருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து மகனின் சேட்டின் விலாப் பக்கத்தைத் தடவியது. பிள்ளை கூச்சத்தில் சிரித்துவிட்டான். சுவாமியார் ஒருமுறை பார்த்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: “நாளைக்குக் கழட்டித் தாங்கோ டீச்சர். அக்குளிலை தையல் விடப்போகுது.”

ஏன் கடையில் வாங்கினாய் என்று கேட்கவில்லை. யார் பிழை விட்டாலும் அவர் பிழையைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்ப்பதில்லை. எனக்கு அது அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, கரையில் பகல் பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. மீனவர் சங்கத்துக்குச் சொல்லி இரண்டு வள்ளங்கள் தேடிப் போயிருந்தன. காற்று ஏறிக்கொண்டே இருந்தது. மகனோடு போனவன் அவனுடைய கூட்டாளி; அவன் தாய் செபமாலையோடு மணலில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருக்க என்னால் முடியவில்லை. அவள் பயந்தது காற்றுக்கு. நான் பயந்தது என் கைக்கு.

நடந்தது இதுதான். எங்கள் பாய்க்கு ஐந்து துண்டுகள், நாலு பொருத்து. இரண்டாவது பொருத்தில் பாதி போயிருந்தபோது அரிப்பில் ஒரு சாவீடு என்று மெசினக்காவுக்குச் செய்தி வந்தது. சைக்கிளில் ஏற்றிப்போக ஆள் வந்து நின்றது. போகும்போது சொன்னார்: “வேணுமெண்டால் மெல்ல ஓட்டிப் பாருங்கோ. நூல் அறுந்தால் அப்பிடியே விட்டிடுங்கோ, நான் வந்து பாக்கிறன்.”

எனக்கு மெசின் ஓட்டத் தெரியும். கணவர் கடலுக்குப் போய் வாரக்கணக்கு ஆகியிருந்தது. வீட்டில் சோறும் சம்பலும்தான். நான் வேகமாக மிதித்தேன். பப்பாசிக் குழல் வெடித்துப்போனதை மாற்றவும் இல்லை. காற்றுக்கு நூல் வளைந்து பேணியின் விளிம்பில் மாட்டி அறுந்தது.

நான் கிழிந்த வலை பொத்துகிற வீட்டில் பிறந்தவள். நூல் அறுந்தால் எங்கள் கை யோசிக்காது, முடிச்சுப் போட்டுவிடும். துணியில் நின்ற நுனியையும் ஊசியில் கோத்த நுனியையும் சேர்த்து வலைமுடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு ஓட்டினேன். மூன்றாவது பொருத்தில், கீழ் மூலைக்கு ஒரு முழம் மேலே, இன்னொருமுறை அறுந்தது. இன்னொரு முடிச்சு. இருட்டுமுன் நாலாவது பொருத்தையும் முடித்துவிட்டேன்.

அடுத்த நாள் காலை மெசினக்கா வந்ததும் துணியை மடியில் போட்டுக் கண்ணை மூடினார். விரல்கள் இரண்டாம் பொருத்தில் ஓடி ஓரிடத்தில் நின்றன.

“இதிலை ஒண்டு நிக்குது, டீச்சர்.”

“நூல் அறுந்தது, அக்கா. நான்தான் முடிஞ்சனான்.”

“வலைக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். துணியிலை அது இழுக்க இழுக்க நூலை வெட்டும். அறுந்தால் மூண்டு விரல் பின்னாலை போய், தைச்சதுக்கு மேலை தைச்சு வரவேணும்.” கோபம் இல்லாமல்தான் சொன்னார். பிறகு விரல்களைத் துணியில் இன்னும் ஓடவிட்டபடி கேட்டார்: “ஒண்டுதானோ?”

வாசலில் என் கணவர் பாயை எடுத்துப்போக இரண்டு பேரோடு நின்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கணிதம் படிப்பிக்கிற டீச்சருக்கு நேராக ஒரு தையல் தைக்கத் தெரியவில்லை.

“ஓம், ஒண்டுதான்” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், “தம்பி, இண்டைக்குப் பாய் இல்லை. நாளையிண்டைக்கு வா” என்றார்.

“ஒரு முடிச்சுக்கு ரெண்டு நாளோ? அக்கா, பிள்ளை மீனைக் கண்டு எத்தினை நாள் தெரியுமே?”

“தெரியும். நாளையிண்டைக்கு வா.”

என் கணவர் காலால் மணலை உதைத்துவிட்டுப் போனார். “நீங்களும் போங்கோ டீச்சர், வீட்டு வேலையைப் பாருங்கோ. இனி நான் பாக்கிறன்” என்று மெசினக்கா என்னையும் அனுப்பிவிட்டார். அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன்.

மூன்றாம் நாள் பாய் வந்தது. நாலு மாதம் அதில்தான் தொழில். நாலு மாதமும் மாலையில் பாய் தெரியும்வரை கரையில் நிற்பேன்; கிட்டப் போய் அந்தத் தையலைத் தொட்டுப் பார்க்க மட்டும் துணியவில்லை. சொல்லிவிடலாம் என்று பலமுறை மெசினக்கா வீட்டுப் படலை வாசல் வரை போயிருக்கிறேன். “என்ன டீச்சர்?” என்பார். “சும்மா வந்தனான்” என்பேன். பிறகு மண்ணெண்ணெய் வந்தது. பாய் சுருண்டு வள்ளத்தின் முன்பக்கத்துக்குள் போனது. மெசினக்கா போன தவக்காலத்தில் இறந்துபோனார். பெட்டிக்குள் வைத்தபோது அவர் கையைத் தொட்டேன். அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குப் பிறகு தேடிப்போன வள்ளங்களில் ஒன்று திரும்பி வந்தது. “காணேல்லை. அலையிலை தூரம் தெரியுதில்லை” என்றார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“இஞ்சருங்கோ,” என்று கணவரின் கையைப் பிடித்தேன். “அந்தப் பாயிலை இன்னொரு முடிச்சு இருக்கு.”

அவர் கடலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன முடிச்சு?”

“அண்டைக்கு நூல் ரெண்டு தரம் அறுந்தது. அக்கா ஒண்டைத்தான் கண்டுபிடிச்சவ. மற்றதை நான் மறைச்சிட்டன்.”

“எந்தப் பொருத்திலை?”

“மூண்டாவதிலை. கீழ் மூலைக்கு ஒரு முழம் மேலை.”

“அதிலைதான் முழு இழுவையும்” என்றார். பிறகு, மெதுவாக: “நாலு மாதம் என்னை அதோடையோ அனுப்பினனீ?”

நான் அவர் கையை விட்டேன். அவர் விடவில்லை. அப்படியே நின்றோம்.

மூன்று பத்துக்கு யாரோ “பாய்! பாய்!” என்று கத்தினார்கள். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு கூடாரத் துணியின் அந்த மங்கிய மண்நிறம் தெரிந்தது. கிழிந்த ஒரு பக்கம் காற்றில் படபடத்தது. மிச்சம் நிமிர்ந்து நின்றது. அலையில் மறைந்து, மறுபடி ஏறி, மறுபடி மறைந்து, வள்ளம் நேரே எங்கள் துறைக்கு வந்தது.

ஆண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள். கூட்டாளியின் தாய் தன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அலறினாள். என் மகன் உதடு வெடித்து, உப்புப் பூத்த முகத்தோடு இறங்கி நின்றான். நான் அவனைத் தாண்டிப் பாயிடம் போனேன்.

விளிம்பில் தொடங்கிய கிழிசல் நாலாவது துண்டின் குறுக்கே ஓடி வந்து மூன்றாவது பொருத்தில் நின்றிருந்தது. அதற்கு இப்பால் ஒரு இழைகூடப் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூன்று விரல்களை வைத்தேன். கீழ் மூலையிலிருந்து ஒரு முழம். முடிச்சு இல்லை. இன்னும் மேலே. இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். தையலுக்குப் பக்கத்தில், நூல் இல்லாத ஊசித் துளைகள் இரண்டு வரியாக, அடியிலிருந்து நுனிவரைக்கும் போயிருந்தன. கூடாரத் துணியில் ஊசி போன இடம் மூடாது. நான் தைத்த வரிகள் அவை. முழுவதையும் பிரித்து எடுத்துவிட்டு, பக்கத்தில் புதிதாக ஓட்டியிருக்கிறார்.

அந்த இரண்டு நாள் இதற்குத்தான். ஒண்டுதானோ என்று கேட்டபோதே விரலுக்குத் தெரிந்திருக்கிறது. என் புருசனுக்கு முன்னால், இரண்டு ஆட்களுக்கு முன்னால், என்னை மறுபடி கேட்காமல் விட்டிருக்கிறார். படலைக்குள் “என்ன டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டு நின்றபோதும் தெரிந்துதான் நின்றிருக்கிறார். இப்படி ஒருவர் எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார் என்பதை நான் யாருக்கும் தலை நிமிர்ந்து சொல்லுவேன்.

கணவரும் குனிந்து அந்தத் துளைகளைப் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பின்னால் மகன் வந்து நின்றான். சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னம்மா, பெத்த பிள்ளை இஞ்சை நிக்கிறன், நீங்கள் பாயைத் தடவுறியள்?” என்றான். பிறகு என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். “துணிதான் கிழிஞ்சதம்மா. மெசினக்காவின்ரை தையல் விடேல்லை.”